கல்லுச்சாமியைச் சுமக்க அம்மாவின் சம்மதம்

ஜப்பான்
18.5.1986

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும், ஊரில் அம்மாவின் முழங்காலுக்கும் இங்குள்ள சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். எந்தச் சாமி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கப்பல் கொம்பனி முறிந்துவிட்டது. கப்பலைக் கோர்ட்டுக்காரர் இந்தச் சின்னத் துறைமுகத்திலேயே கட்டிப் போட்டுவிட்டார்கள். விற்கும்வரை நாங்கள் பதினொரு பேரும் காவல். பகலில் கரைக்குப் போகலாம். போக ஒரே ஒரு இடம்தான் உண்டு, மலையடியில் இருக்கும் கோயில். கதவில்லாத வாசல், இரண்டு தூணும் குறுக்கே இரண்டு மரமும் மட்டும். தொட்டித் தண்ணீரில் கைகழுவி வாய் கொப்பளித்து விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூசகர் ஓகாவா முன்பு கப்பலில் தந்தியடித்தவர். என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவார்.

சாமி ஒரு கல். முந்நூறு வருடத்துக்கு முன், மீனே படாத ஒரு காலத்தில் வலையில் வந்ததாம். தூக்கி எறிந்தார்கள். மறுநாள் வேறு இடத்தில் போட்ட வலையிலும் அதே கல். மூன்றாம் நாளும் வந்தபோது பயந்துபோய்க் கரைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். எபிசு என்று பெயர். பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறார். உயிரோடிருக்கும் ஒருவரும் அவரைக் கண்டதில்லை, பூசகர் உட்பட. பக்கத்தில் சின்னக் குடிலில் வீணை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் அம்மன். எங்கள் சரஸ்வதிதானாம், ஆயிரம் வருடத்துக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்தவராம். விசா எடுத்துத்தான் வந்தாரோ தெரியாது.

எபிசுவுக்குக் காது மந்தம். கோயிலுக்குப் பின்னால் போய்ப் பலகையில் தட்டிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும். நானும் தட்டி, அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். தமிழில்தான்.

அம்மா சொல்வதை வழக்கம்போல உங்கள் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். ஊரிலிருந்து நேரே வரும் தபால் ஒன்றும் என் கப்பலைப் பிடிக்கிறதில்லை. அத்தானின் இருமல் எப்படி?

உங்கள் தம்பி
குகதாசன்

*

வடமராட்சி
5.6.1986

அன்பு மகள் கலாவதிக்குச் சித்தப்பா எழுதிக்கொள்வது,

நலம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது, பிள்ளை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. உன் அம்மா முந்தநாள் விடிய, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து இருந்தவர், அப்படியே போய்விட்டார். நோய் நொடி இல்லை. ஒருவரையும் அலைக்கழிக்கவில்லை. பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லாதபடியால் கொள்ளியை நான் வைத்தேன். என் அண்ணனின் மனைவிக்கு நான் செய்ய வேண்டியது, செய்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் நானே செய்விப்பேன்.

தம்பிக்கு இப்போது எழுதாதே. கேட்டால் அவன் நிற்கமாட்டான், புறப்பட்டுவிடுவான். கொழும்பிலிருந்து வரும் வழியில் போன கிழமை ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பொடியன்கள் இருவரை இறக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் தகவல் இல்லை. ஒரு பிணம் போதும் இந்த வீட்டுக்கு. கொஞ்சம் ஓயட்டும், நானே சொல்கிறேன்.

மருமகனிடம் சொல்லி அழு. தனியே கிடந்து அழாதே.

சித்தப்பா
மகாலிங்கம்

*

பாரிஸ், லா சப்பல்
2.7.1986

அன்புள்ள தம்பி குகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அத்தானின் இருமல் பரவாயில்லை. எனக்கு அகதி விண்ணப்பத்துக்குத் தந்த துண்டை, ரெசிப்பிசேயை, இன்னும் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்துத் தந்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம், நாட்டை விட்டு அசைய முடியாது.

நம் அற்புதமலர் அக்காவை உனக்குத் தெரியும், மன்னார்க்காரி. அவவும் நானும் இப்போது இங்கே ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கம் ஒரு பணிமனையில் விடியற்காலை துப்புரவு வேலை செய்கிறோம். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இன்னொரு தமிழ்க் கடை திறந்திருக்கிறார்கள். முருங்கைக்காய் வருகிறது, விலையைக் கேட்டால் மரத்தையே வாங்கலாம் போலிருக்கிறது.

அம்மா சுகமாக இருக்கிறார். முழங்கால் நோ இப்போது இல்லையாம். நீ கண்ட கண்ட இடத்தில் சாப்பிடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உன்னோடு கப்பலில் நிற்கும் பொடியனின் தமையன் வின்சன்ற் எங்கள் கட்டிடத்தில் மேல்மாடியில்தான் இருக்கிறான், தெரியும்தானே. தம்பிக்கு எழுதும்போது உன்னையும் விசாரித்ததாகச் சொன்னான்.

அடிக்கடி எழுது.

அக்கா
கலாவதி

*

ஜப்பான்
25.7.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு வயிறு குளிர்ந்தது. அம்மாவின் முழங்கால் நோ போய்விட்டதென்று வாசித்ததும் ஓடிப்போய்ப் பூசகரிடம் சொன்னேன். காது மந்தமென்றாலும் காரியத்தில் ஆள் கெட்டிக்காரர் என்று சிரித்தார்.

இப்போது ஒரு கேள்வி. அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும்.

ஐப்பசியில் இங்கே திருவிழா. கல்லுச்சாமியைப் பெட்டியோடு பல்லக்கில் ஏற்றி, முப்பத்தொன்பது படி இறக்கி, கடலுக்குள் இடுப்பளவுக்குக் கொண்டுபோய் வருவார்கள். இருபத்துநாலு தோள் வேண்டும். பொடியன்கள் எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டதால் மூன்று தோள் குறைகிறது. பூசகர் என்னைக் கேட்கிறார். ஊர்ப் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள். அக்கா, இந்த நாலு வருடத்தில் ஒரு கரையிலும் என்னை ஒருவர் இப்படிக் கேட்டதில்லை. எங்கே போனாலும் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. வீட்டில் சாவு விழுந்து ஒரு வருடம் ஆகாதவன் பல்லக்கைத் தொடக் கூடாது. ஐம்பது நாளாகாதவன் வாசல் தூணைத் தாண்டவே கூடாது. எங்களுடைய சாவுத் துடக்கேதான்! இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று பூசகர் கேட்டார். அப்பா போய் ஒன்பது வருடம், அம்மாவும் அக்காவும் சுகம் என்றேன்.

ஆனாலும் அடுத்தவர் சாமி. அம்மாவின் வாயால் ஒரு சொல் வராமல் தோளைக் கொடுக்க மனமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கேட்டு எழுதுங்கள், புரட்டாதி முடியுமுன் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அத்தானுக்கு என் அன்பு.

குகன்

*

பாரிஸ், லா சப்பல்
20.8.1986

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதை அம்மாவுக்குச் சொன்னேன். எந்தச் சாமியென்றாலும் சாமிதானே, கேட்டு வந்த தோளை இல்லையென்று சொல்லக் கூடாது, பிள்ளை சுமக்கட்டும் என்றார். படியில் கவனமாக இறங்கச் சொன்னார்.

இதை எழுதும்போது கை நோகிறது, வேலையில் வாளி தூக்கினது. அடுத்த முறை விபரமாக எழுதுகிறேன்.

அக்கா

*

பாரிஸ், லா சப்பல்
22.8.1986

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் சுகத்தையும் சின்னம்மாவின் சுகத்தையும் அறிய விரும்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நான் செய்ததை உங்களிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். தம்பி அங்கே ஒரு கோயிலில் சாமி தூக்க அம்மாவின் சம்மதம் கேட்டிருந்தான். சாவு விழுந்த வீட்டான் தொடக் கூடாத சாமி. அம்மா வேண்டாமென்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அவன் விலகியிருப்பான். ஒரு பாவமும் வந்திராது. அப்படித்தான் எழுத இருந்தேன், சித்தப்பா. பேனையை எடுத்ததும் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அந்தக் குரல் காதில் கேட்டது. கேட்டபடியே எழுதிவிட்டேன். அவரை இன்னுமொரு தரம் பேசவைத்துப் பார்க்கும் ஆசையில்தான் எழுதினேன். தபாற்பெட்டிக்குள் போட்டபிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

இங்கேயும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மேல்மாடி வின்சன்ற் மூலம் தம்பிக்குப் போய்விடும் என்று பயம். போன மாதம் சுப்பர் கடைக்காரரின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் என்னை ஆலாத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். பச்சைச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு போய், தாயைப் பறிகொடுத்த கையால் அந்தப் பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தேன். அற்புதமலர் அக்காவுக்கு மட்டும் தெரியும். அவ ஏசிவிட்டு, "வீட்டிலை கிடந்து விம்மாதை, வா, எங்கடை கோயில்லை வந்து அழு, அங்கை ஆரும் கேக்கமாட்டினம்" என்று மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

ஏதாவது வழி சொல்லுங்கள்.

உங்கள் மகள்
கலாவதி

*

வடமராட்சி
19.9.1986

கலாவதிக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் கடிதம் நேற்றுத்தான் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் வந்தது. இதுவும் அவர் திரும்பிப் போகும்போதுதான் போகும்.

உன்னை மறைக்கச் சொன்னது நான். அந்தப் பழி என்னுடையது. செத்த தாயைப் பேசவைக்கச் சொன்னது நானில்லை. உடனே அவனுக்குத் தந்தி அடி. வராதே, சுமக்காதே என்று இரண்டையும் சேர்த்து அடி. வருவதென்றால் வரட்டும், நடப்பது நடக்கட்டும். அறியாத ஊரின் தலையில் நம் வீட்டுச் சாவைக் கட்டாதே.

மகாலிங்கம்

*

ஜப்பான்
21.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமா? என் வலது தோள் தோலுரிந்து கிடக்கிறது, மற்றபடி சுகம்.

திருவிழா முடிந்தது. சொல்ல நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. முதல்நாள் சுமப்பவர்களைக் கடலில் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். சாமியைத் தூக்கியதும் எங்கள் ஊர்த் தேர் மாதிரித்தான், யார் எந்த ஊர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா சொன்னதை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

நடுப்படியில் முன்பக்கம் சரிந்தது. பல்லக்கு விழவில்லை, ஆனால் முன்னால் நின்ற எழுபது வயது வள்ளக்காரரின் கால் அதன் கீழே அகப்பட்டு முறிந்துபோனது. இந்த முந்நூறு வருடத்தில் அது சரிந்ததேயில்லையாம். அன்று பொழுது படுவதற்குள், எந்த வீட்டுத் துடக்கு என்று ஊர் தேடத் தொடங்கிவிட்டது.

கோயிலடியில் பலகாரம் விற்கும் நகானோ என்ற விதவை இருக்கிறார். அவர் மகனும் என்னோடு சுமந்தான். நகானோவின் தமக்கை நாலு மாதத்துக்கு முன் வேறு ஊரில் செத்துப்போனாராம். வேறு வீடு, வேறு குடி, துடக்கில்லை என்று பூசகரே முன்பு சொல்லியிருந்தார். கால் முறிந்த பிறகு அதை யார் கேட்கிறார்கள். அந்த மனிசி நாற்பது வீட்டு வாசலிலும் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது. மகன் வெளியே வருவதில்லை.

எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. ஊர் சொல்வது உண்மையென்றால், ஒரு சாவை ஒளித்துவைத்துக்கொண்டு சாமிக்குக் கீழே தோள் கொடுக்க எப்படி மனம் வந்தது? தாயின் வாக்கோடு சுமந்தவன் நான், என் பக்கம் சரியவில்லை என்று கப்பலில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

குகன்

*

பாரிஸ், லா சப்பல்
9.11.1986

தம்பி,

அத்தானைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், கிழித்துப்போடாமல் இருக்க.

நகானோ வீட்டில் துடக்கில்லை. துடக்கு உன்னுடையது. அம்மா ஜூன் மூன்றாம் திகதி விடிய, கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து இருந்தபடியே போய்விட்டார். நோகவில்லை. சித்தப்பா கொள்ளி வைத்தார், அந்தியேட்டியும் செய்வித்தார். நீ புறப்பட்டு வந்து வழியில் பிடிபடுவாய் என்று பயந்து, கொஞ்சக் காலம் சொல்லாதே என்று அவர் எழுதினார். மறைத்தது அதற்காக. மற்றதெல்லாம் நான் செய்தது. முழங்கால் நோ மாறியது, உடம்பைப் பார்க்கச் சொன்னது, சுமக்கச் சொன்னது, ஒன்றும் அம்மா சொன்னதில்லை. உனக்கு வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தந்தி அடி என்று சித்தப்பா எழுதியது திருவிழா கழிந்து எட்டு நாளில்தான் கையில் கிடைத்தது. அவர் சொல்லித்தான் அடிக்க வேண்டுமா? திருவிழாவுக்கு முன்பே இரண்டு தரம் தபாற்கந்தோர் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

முகம் தெரியாத ஒரு பெண் நாற்பது வாசலில் குனிந்தது நான் குனிய வேண்டியது. கோபத்தில் ஊருக்குப் புறப்பட்டுவிடாதே. அதை மட்டும் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

கலாவதி

*

பாரிஸ், லா சப்பல்
14.12.1986

தம்பி,

கடிதம் கிடைத்ததா? ஏசியாவது எழுது. எங்கே நிற்கிறாய் என்றாவது எழுது. உன்னோடு நிற்கும் பொடியன் நீ கப்பலில்தான் நிற்பதாகவும் ஒருவரோடும் பேசுவதில்லை என்றும் தமையனுக்கு எழுதியிருக்கிறான். படியில் வின்சன்றைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறேன்.

அக்கா

*

ஜப்பான்
27.12.1986

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்து முப்பத்தொரு நாள் எண்ணினேன். அம்மா செத்த நாளிலிருந்து எண்ணினால் எப்போதோ கழிந்துவிட்டது. அப்படி எண்ண என்னால் முடியவில்லை. இவ்வளவு நாளும் எழுதாததற்குத் துடக்கு மட்டும் காரணமில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஊருக்குப் போகவில்லை. போய் என்ன செய்ய?

கடிதம் வந்த அன்றே கோயிலுக்குப் போனேன். தூணுக்கு வெளியே நின்று பூசகரைக் கூப்பிட்டேன். அவர் இறங்கி வந்தார். சொன்னேன். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு நகானோ வீட்டுக்குப் போனார். நான் பாயில் நெற்றி முட்டக் குனிந்தேன். அந்த மனிசி கேட்டது ஒன்றே ஒன்று, உன் தாய்க்கு எத்தனை வயது என்று. அறுபத்திரண்டு என்றேன். உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் தொடங்கி மூன்று நாள் நாற்பது வீட்டுக்கும் நான் போனேன். மகன் எனக்கு வழி காட்டினான். வள்ளக்காரர் கட்டுப் போட்ட காலோடு இருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தார். பலகாரக் கடை இப்போது திறந்திருக்கிறது. என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கோயிலில் ஒரு புத்தகம் இருக்கிறதாம், எனக்கு இப்போதுதான் தெரியும். ஒவ்வொரு வருடமும் சாமி தூக்கியவர்களின் பெயரும் நடந்ததும் அதில் எழுதப்படும், முந்நூறு வருடமாக. கடல் வந்த வருடம், தீப்பிடித்த வருடம், எல்லாம் அதில் உண்டு. இந்த வருடத்தில் என் பெயருக்குக் கீழே பூசகர் எழுதியிருந்தார், இலங்கையிலுள்ள தாயின் சம்மதத்தோடு சுமந்தான் என்று. நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அது பொய்யாகிவிட்டது, புத்தகத்தில் பொய் இருக்கக் கூடாது, சம்மதம் கொடுத்தது யார் என்று கேட்டார். என் அக்கா, பாரிஸில் இருக்கிறார் என்றேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். தாயின் சம்மதம் என்றதைக் கோடு கிழித்து வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதினார், தாய் இறந்ததை மறைத்துத் தமக்கை கலாவதி கொடுத்த சம்மதம் என்று.

உங்களைப் பழிவாங்கச் சொன்னதல்ல. அவர் கேட்டார், நான் உண்மையைச் சொன்னேன். இந்த மாதம் முழுக்க எனக்கு உண்மையைத் தவிர ஒன்றும் சொல்ல வரவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார் பூசகர், ஆனால் பெயருக்குரியவர் கேட்க வேண்டுமாம். எடுப்பதா விடுவதா என்று எழுதுங்கள்.

கப்பல் விலைப்பட்டுவிட்டது. தை முடியும்வரை இந்த விலாசம்தான்.

குகதாசன்

*

பாரிஸ், லா சப்பல்
22.1.1987

அன்புள்ள தம்பிக்கு,

நீ இருக்கும் இடத்தில் சுகமாக இரு.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். நீ நாற்பது வீட்டுக்குப் போனாய். நான் இங்கே ஒரு வீட்டுக்கும் போகவில்லையே என்று இருந்தது. போன ஞாயிறு அம்மாவின் படத்தை வைத்து, பதினாறு பேருக்குச் சமைத்துக் கூப்பிட்டேன். என்ன விசேஷம் என்று தெரியாமல்தான் வந்தார்கள். எல்லோரும் இருந்து, சோறு போட்டபிறகு எழும்பி நின்று சொன்னேன். அம்மா செத்து ஏழு மாதம், நான் மறைத்தேன், மறைத்துக்கொண்டுதான் உங்கள் வீட்டு நல்ல காரியங்களுக்கெல்லாம் வந்தேன் என்று.

சுப்பர் கடைக்காரரின் மனைவி, "அப்ப எங்கடை பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தது?" என்று கேட்டா. ஓம் அக்கா, துடக்கோடதான் என்றேன். அவ சோற்றில் கை வைக்கவில்லை. எழும்பிக் கையைக் கழுவிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனா. அவ போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். வின்சன்ற் கொஞ்சம் கூட நேரம் இருந்தான், பிறகு அவனும் போய்விட்டான். அற்புதமலர் அக்கா மட்டும் எழும்பாமல் இருந்து சாப்பிட்டா. இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினா. மிச்சத்தைச் சட்டியோடு அப்படியே வைத்துவிட்டு, அத்தானும் நானும் படத்துக்கு முன்னால் இருந்தோம்.

கடைத்தெருவில் இப்போது என்னோடு பேசுகிறவர்கள் குறைவு. பேசாதவர்களில் எனக்குக் கோபமில்லை.

அந்தப் புத்தகத்தில் என் பெயரை எடுக்க வேண்டாம் என்று பூசகரிடம் சொல். அம்மா சொன்னாரென்று நான் எழுதியதிலெல்லாம், என் பெயரில் இருப்பது அது ஒன்றுதான்.

அக்கா
கலாவதி